ஆளில்லாத அக்குள்

முடி வெட்டுகிறவளுக்குக் கை எந்நேரமும் மேலேதான் இருக்கும். ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொன்றில் சீப்பு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மூக்குக்கு நேராக, வெட்டுகிறவளின் அக்குள் வந்து வந்து போகும். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கத்திரி சொல்வாள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் அவள் சொல்லும் முதல் பாடமே அதுதான். "முடி வெட்ட அப்புறம் கத்துக்கலாம். முதல்ல போய்க் குளிச்சிட்டு வா" என்பாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. பார்லரில் அவள் கத்திரி. கத்தரிக்கோலின் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பார்த்து வைத்தது என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

வங்கியில் பெரிய பதவியில் இருக்கும் அம்மாள் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். பார்லரில் அவருக்கு வங்கியம்மா என்று பெயர். கத்திரியைத் தவிர வேறு யாரிடமும் தலையைக் கொடுக்கமாட்டார். அன்றைக்கும் ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இடது காதோரம் வெட்டும்போது அவர் முகம் மெதுவாக வலப்பக்கம் போயிற்று.

"நேரா பாருங்கம்மா."

முகம் நேரே வந்தது. கத்திரியின் கை உயர்ந்ததும் மறுபடி போனது. அடுத்த தடவை கை உயர்ந்தபோது கைக்குட்டை வெளியே வந்துவிட்டது.

"சளி பிடிச்சிருக்காம்மா?"

"ம்... லேசா" என்றார் வங்கியம்மா, கைக்குட்டைக்குள்ளிருந்து.

சளி எதுவும் இல்லை என்று சாயங்காலம் கத்திரிக்குத் தெரிந்தது. பார்லரின் முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் அவளை மெழுகு காய்ச்சும் சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உக்காரு."

"எதுக்கு மேடம்? நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"தப்பா எடுத்துக்காத. உன்கிட்ட இருந்து..." மேடம் மூக்குக்கு முன்னால் கையை விசிறினார். "ஒரு இது வருதாம்."

"எது வருது?"

"வாடை."

இருவருக்கும் நடுவில் மெழுகுச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் யார் காலிலிருந்தோ உரிந்த ரோமம் ஒட்டியிருந்தது.

"வங்கியம்மா மட்டும் சொல்லல. முன்னாடியே ரெண்டொருத்தர் சொன்னாங்க. நீ வருத்தப்படுவேன்னு நான்தான் சொல்லாம இருந்தேன். கொஞ்ச நாள் நீ பின்னாடி பேசின்ல தலை அலசு. சரியானதும் உன் நாற்காலிக்கு வா. சரியாகலைன்னா அந்த நாற்காலியை நூலு எடுத்துக்கட்டும். வேற வழியில்ல."

நூலு என்பது புருவம் திருத்துகிறவள். எப்போதும் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கத்தரிக்கோலும் பிடிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் வெட்டினால் ஆடு மேய்ந்த மாதிரி இருக்கும்.

"அவளா?" என்றாள் கத்திரி.

"அவகிட்ட வாடை வரலையே" என்றார் மேடம்.

*

கத்திரி பிறவியிலேயே அருவருப்பு பிடித்தவள். சின்ன வயதில் ஒருவர் குடித்த டம்ளரில் குடிக்கமாட்டாள். டம்ளர் கழுவியிருந்தாலும் விளிம்பை முகர்ந்து பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்திலிருப்பவள் கடித்த பென்சிலைக் கையால் தொடாமல் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு முழுதும் பட்டினி. அவள் போய் முடி வெட்டும் வேலையில் சேர்ந்தது எப்படி என்று கேட்காதவர் இல்லை. "அடுத்தவங்க தலையில இருக்கற வரைக்கும் முடி முடிதான். கீழ விழுந்தாத்தான் அசிங்கம். அது கீழ விழறதுக்குள்ள நான் அடுத்த தலைக்குப் போயிடுவேன்" என்பாள்.

உண்மையில் அந்த அருவருப்புதான் அவளை நல்ல வேலைக்காரியாக ஆக்கியிருந்தது. அவள் சீப்பில் பொடுகு நிற்காது. அவள் துண்டில் அடுத்தவர் ஈரம் இருக்காது. தலையை முகர்ந்தே யார் எண்ணெய் வைத்து அலசாமல் வந்திருக்கிறார், யார் ஈரத் தலையோடு தூங்கியிருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். மற்றவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவளுக்கு எல்லாமே மூக்குக்குள்தான் வரும்.

அந்த மூக்கு தன் சொந்த உடம்பைக் கோட்டைவிட்டுவிட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. காலையில் குளித்தாள், சாயங்காலம் குளித்தாள். குளியலறையில் கையைத் தூக்கித் தூக்கி முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. மூக்கே பழகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. ஊரார் வாடையை எல்லாம் கண்டுபிடித்தவள் தன் வாடையில் குளிர்காய்ந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

ஒரு காரணம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருந்த சென்ட் ஸ்ப்ரே ஒத்துக்கொள்ளாமல் அக்குள் கருத்துத் தடித்துப் போயிருந்தது. மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்து, "இனிமே இதைத் தொடாதீங்க" என்றிருந்தார். அப்போதிலிருந்து வெறும் சோப்புதான். வாடை வருகிறது என்றால் அதனால்தான் இருக்க வேண்டும். ஸ்ப்ரே ஆகாது, ஒன்றும் போடாமலும் இருக்க முடியாது. இயற்கையாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டியதுதான்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் ஒட்டும் லேபிள்கள் அவர் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும்.

"என்கிட்ட நாத்தம் வருதாம்" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அந்தக் காலத்துல நாற்றம்னாலே நல்ல வாசனைதான். பூவோட நாற்றம்னே எழுதியிருக்காங்க. அர்த்தம் பின்னாலதான் கெட்டுப்போச்சு."

"என் நாற்காலி போகப்போகுது. நீங்க அகராதி படிக்கறீங்க."

"நீ எப்பவும் பழைய அர்த்தம்தான்னு சொல்ல வந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் விஷயம் பெரிது என்று உறைத்தது. உறைத்ததும் அவர் செய்த முதல் காரியம், தங்கைக்குப் போன் செய்ததுதான்.

*

கணவரின் தங்கைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பாதான். தையல், கேக், மெழுகுவத்தி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டு இப்போது இயற்கைச் சோப்பில் வந்து நின்றிருந்தாள். மறுநாளே ஒரு பழைய காபி பாட்டிலில் வெள்ளையாக எதையோ அடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணி, உங்களுக்குன்னே தனியா செஞ்சேன். ஒரு கெமிக்கல் கிடையாது. வேணும்னா நீங்க இதை அப்படியே சாப்பிடலாம்."

"அக்குள்ல போடறதை நான் ஏன் சாப்பிடறேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணி. எல்லாம் சமையலறைச் சாமான். தேங்காய் எண்ணெய், சமையல் சோடா, கிழங்கு மாவு, வாசனைக்கு எலுமிச்சை எண்ணெய். அவ்வளவுதான்."

"பாப்பா கைராசிக்காரி" என்றார் கணவர்.

பாப்பா போனதும் கத்திரி மூடியைத் திறந்தாள். எலுமிச்சை வாசனைக்கு அடியில் பழைய காபி வாசனை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாட்டில் சுவரை ஒட்டி, களிம்புக்குள், ஒரு முடி சுருண்டு கிடந்தது. நுனி செம்பழுப்பு, அடி நரை. அந்தச் சாயத்தைப் போன மாதம் கலந்து பாப்பா தலையில் பூசியவளே கத்திரிதான்.

"என்னங்க, இதுல முடி கிடக்கு."

கணவர் எட்டிப் பார்த்தார். "யார் முடி?"

"உங்க தங்கச்சி முடி."

"அட, பாப்பா முடிதானே" என்றார், பரவாயில்லை என்ற குரலில்.

சாதாரண நாளாக இருந்தால் பாட்டில் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் பேசினுக்குப் பின்னால் நின்று அடுத்தவர் தலையழுக்கு சாக்கடைக்குள் சுழன்று போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முன்பக்கத்தில் நூலு இவள் நாற்காலியின் உயரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததையும் பார்த்திருந்தாள். ஊக்கின் நுனியால் முடியை எடுத்துப் போட்டாள். அதைச் சுற்றியிருந்ததை ஒரு கரண்டி வழித்து எறிந்தாள். மீதியில் ஒரு விரல் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். கூழைப் பூசிக்கொண்ட மாதிரி இருந்தது. சோடா நறநறவென்று தோலில் உரசியது. வெயிலில் நடந்ததும் எண்ணெய் உருகி விலா வழியாக இறங்கியது. ரவிக்கையில் இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பிறை விழுந்தது.

இரண்டு மூன்று நாளில் எரிய ஆரம்பித்தது. வார முடிவில் கையை உடம்போடு சேர்க்க முடியவில்லை. குஞ்சைக் காக்கும் கோழி மாதிரி இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "என்ன போட்டீங்க?"

"இயற்கைதான். சோடா, எலுமிச்சை எண்ணெய்..."

"பாத்திரத்துல பிசுக்குப் போக எதைப் போட்டுத் தேய்ப்பீங்க?"

"சோடா."

"அதைத்தான் அக்குள்ல தேய்ச்சிருக்கீங்க. தோல்ல லேசா ஒரு புளிப்பு இருக்கணும். அதுதான் தோலுக்குக் காவல். சோடா அதுக்கு நேர் எதிரி. சிலருக்கு ஒண்ணும் பண்ணாது, சிலருக்கு உரிச்சு எடுத்துடும். எலுமிச்சை எண்ணெய் வேற காரம். இயற்கைன்னா சாதுன்னு யார் சொன்னா? நெருஞ்சி முள்ளும் இயற்கைதான்."

"அப்ப வேர்வை நாத்தத்துக்கு என்னதான் பண்றது?"

"வேர்வைக்கு நாத்தமே கிடையாதும்மா. அது வெறும் தண்ணியும் உப்பும் கொஞ்சம் கொழுப்பும். தோல் மேல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க குடியிருக்கு. அதுங்க அந்த வேர்வையைத் தின்னுட்டு விடறதுதான் நாத்தம்."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் வாடை என்றால் அது ஒரு வாடை, அவ்வளவுதான். இப்போது அதற்கு வாயும் வயிறும் முளைத்துவிட்டன. தின்கின்றன, விடுகின்றன. அவளைக் கேட்காமல், அவள் மேலேயே.

"முதல்ல புண் ஆறட்டும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "அப்புறம் சோடா இல்லாதது, வாசனை சேர்க்காதது பாத்து வாங்குங்க. லேபிளைப் படிங்க."

லேபிள் படிக்க வீட்டிலேயே ஆள் இருந்தார். புண் ஆறியதும் ஞாயிற்றுக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போனாள். ஒரு அலமாரி முழுவதும் இலை படம் போட்ட டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் இயற்கை, தூய்மை, மென்மை. ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நூறு சதவீதம் இயற்கைன்னு போட்டிருக்கு."

"அது முன்பக்கம். முன்பக்கத்துல என்ன வேணா போடுவாங்க. பின்னாடி பொடி எழுத்துதான் சரக்கு." டப்பாவைத் திருப்பினார். "எது அதிகமோ அது முதல்ல வரும். தண்ணி... ஏதோ கிளைக்கால்... மாவு... கடைசியில, நறுமணம்."

"நறுமணம்னா என்ன?"

"அந்த ஒரு வார்த்தைக்குள்ள நாப்பது சாமான் இருக்கலாம். பிரிச்சுச் சொல்லணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. நாங்க அச்சடிக்கறப்ப 'நறுமணம்'ல று சரியான்னு பாப்பேன். உள்ள என்னன்னு கேட்டதில்ல."

அவள் இன்னொன்றை எடுத்தாள். 'மணமற்றது' என்று கொட்டை எழுத்து. பொடி எழுத்தில் மறுபடியும் நறுமணம்.

"மணமே இல்லாததுக்கு எதுக்கு நறுமணம்?"

"சரக்கோட சொந்த வாடையை மறைக்க ஒரு வாசனை. ரெண்டும் சேர்ந்து ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும்."

"அப்படின்னா பொய்தானே?"

"எழுத்துப் பிழை இல்ல" என்றார் அவர்.

கண்ணாடிக் கட்டி மாதிரி ஒரு கல்லும் இருந்தது. அழகான பெட்டி. 'அலுமினியம் இல்லாதது' என்று நெற்றியில் எழுதியிருந்தது. கத்திரி திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருப்பது ஒரே ஒரு சாமான், படிகாரம். பார்லரில் இழுப்பறையில் கிடக்கும் அதே படிகாரம். காதோரம் கத்தி கீறிவிட்டால் நனைத்து ஒற்றுவது.

"படிகாரமே அலுமினிய உப்புதான்னு மருந்துக்கடைக்காரர் அன்னைக்குச் சொன்னாரே" என்றாள்.

கணவர் பெட்டியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காது சிவந்தது. "இது நாங்க அடிச்சதுதான்" என்றார். "லு குறிலா நெடிலான்னுதான் பாத்தேன்."

கடைசியில், அலமாரியின் அடித்தட்டில், இலை படம் இல்லாத ஒரு குழாய் கிடைத்தது. சோடா இல்லை. நறுமணம் இல்லை. சாமான்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். முதலில் தண்ணீர், அடுத்து மக்னீசியம். அதைக் கொண்டுபோய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினாள்.

"தாராளமா போடுங்க. வேர்வையை நிறுத்தாது, நாத்தத்தை மட்டும் அடக்கும். மலச்சிக்கலுக்கு வெள்ளையா ஒரு மருந்து குடிப்பாங்க பாருங்க, அதுவும் இதே சரக்குதான்."

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள் கத்திரி.

*

அந்தக் குழாய் எரியவில்லை, வழியவில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் கையைத் தூக்கிக் கணவர் முன்னால் நின்றாள். அவர் மெய்ப்புப் பார்ப்பது போலவே, ஓரத்திலிருந்து ஆரம்பித்து நிதானமாக முகர்ந்தார்.

"பிழை இல்ல. அச்சுக்குப் போகலாம்."

மேடம் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார். "வேற யார் தலையும் வேணாம். என் தலையை வெட்டு, நானே பாக்கறேன்" என்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கத்திரி கொக்கியிலிருந்து இளஞ்சிவப்புக் கோட்டை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டினாள். பார்லரில் எல்லோருக்கும் அந்தக் கோட்டுதான் சீருடை. தன் கண்ணாடி, தன் கத்தரிக்கோல், தன் வெளிச்சம். கொஞ்ச நேரம் கை பறந்தது. ஜன்னல் வழியாக வெயில் முதுகில் இறங்கியது. பிறகு மேடம் கண்ணாடியில் அவளைப் பார்த்த பார்வை மாறியது.

"வருதா?" என்றாள் கத்திரி.

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாதி வெட்டிய தலையோடு எழவும் முடியவில்லை. இந்தத் தடவை கத்திரிக்கும் வந்தது. புளித்து, கெட்டுப்போன எண்ணெய் மாதிரி, தன் கைக்கடியிலிருந்து. மிச்சத்தை வெட்டி முடிக்கும்வரை முழங்கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டாள். மேடத்தின் முடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார் மேடம். குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் இன்னும் குமட்டியது.

பேசினுக்குத் திரும்பினாள். வயதாகிறது, உடம்பு உள்ளே எங்கோ கெட்டுப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தாள். "என்ன, தள்ளி உக்காந்துட்ட?" என்றார் கணவர். "எனக்கே என்னைப் பிடிக்கல" என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். யாரோ ஒருத்தி தலையைக் கொடுத்துவிட்டு அங்கேயும் இங்கேயும் திரும்ப, தண்ணீர்க்குழல் கைநழுவி கத்திரியின் தோளிலிருந்து இடுப்புவரை நனைத்துவிட்டது. அடுத்த தலை வருவதற்குள் கோட்டு காய வேண்டும். கழற்றி ஹாங்கரில் மாட்டினாள். முன்பக்கம் காலியாக இருந்தது. தன் பழைய நாற்காலிக்கு எதிரே மாட்டி, முடி காயவைக்கும் டிரையரை எடுத்து, நனைந்த தோளில் சூடான காற்றைப் பிடித்தாள். தோள் காய்ந்தது. காற்றைக் கைக்குழிக்கு, அக்குள் படும் இடத்துக்குத் திருப்பினாள்.

வாடை குப்பென்று கிளம்பியது.

கத்திரி டிரையரை நிறுத்தினாள். தன்னை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. இரண்டடி பின்வாங்கி நின்றுகொண்டு, கையை மட்டும் நீட்டி மறுபடி டிரையரைப் போட்டாள். மறுபடி குப்பென்று வந்தது. கோட்டுக்குள் ஆள் இல்லை. ஆளில்லாத அக்குள் நாறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இந்த வாடை புதிதல்ல. பிளாஸ்டிக் சீப்பில் இதே வாடையைப் பார்த்திருக்கிறாள். எத்தனை கழுவினாலும் பல்லிடுக்கில் எண்ணெய்ச் சிக்கு ஊறிக் கிடக்கும். பச்சைத் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. சூடு பட்டால் எழுந்து உட்காரும். அதனால்தான் அவள் பிளாஸ்டிக் சீப்பையே தொடுவதில்லை. கோட்டைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று, தண்ணீர் குடிக்காத துணி. இதுவும் பிளாஸ்டிக்தான். சீப்பைப் பார்க்கத் தெரிந்தவள் கோட்டைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

சுவரில் இருந்த மற்றக் கோட்டுகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றின் கைக்குழியிலும் டிரையரைக் காட்டினாள். ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. கோட்டுகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ, கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான். இவள் மாட்டியது நேற்று நூலு மாட்டியது. அதற்கு முன்னால், வேலையை விட்டுப் போன எத்தனையோ பெண்கள் மாட்டியது. எல்லோருடைய வேர்வையும் அடுக்கடுக்காக அதில் இருந்தது, அதைத்தான் அவள் இத்தனை காலமும் ஆசையாகத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பேசினுக்கு ஓடி முகத்தைக் கழுவினாள்.

நூலு நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, தனியா துணிக்குத் தலை காயவைக்கறீங்களா?"

"மேடத்தைக் கூப்பிடு. நீயும் வா."

மேடம் வந்தார். கத்திரி அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கோட்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்து, டிரையரைப் போட்டாள்.

"ஐயே" என்று மேடம் முகத்தைத் திருப்பினார். "எடு, எடு. என்னது அது?"

"நான் இங்க நிக்கறேன், கோட்டு அங்க தொங்குது. நீங்களே சொல்லுங்க மேடம்."

"வாராவாரம் என் வீட்டு மெஷின்லதானே துவைக்கறேன்? வாசனைத் திரவம் வேற ஊத்தறேன்."

"அதான் மேடம் கோளாறு. இந்தத் துணி வேர்வைப் பிசுக்கை விடாது. நீங்க அது மேல வாசனை பூசறீங்க, நாங்க அது மேல வேர்வை பூசறோம். இது எத்தனையாவது பூச்சோ யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஏன் உன்கிட்ட மட்டும் வருது? நூலுகிட்ட வரல?"

கத்திரி ஜன்னலைக் காட்டினாள். வெயில் நாற்காலியின் மேல் சதுரமாக விழுந்திருந்தது. "அவ ஏசிக்கு அடியில உக்காந்து புருவம் எடுக்கறா. நான் வெயில்ல நின்னு டிரையர் பிடிக்கறேன். கோட்டு சூடானா வாடை எழுந்திருக்கும்."

நூலு தன் கோட்டின் தோளை மெல்ல முகர்ந்தாள். பிறகு அதைக் கழற்றி, இரண்டு விரலால் பிடித்து, கொக்கியில் மாட்டினாள்.

மேடத்துக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. கோட்டுகளைப் பார்த்தார். "இதுல முதல் கோட்டு நான் போட்டது" என்றார். "கடை ஆரம்பிச்சப்ப."

"உங்க வேர்வையும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் கத்திரி. சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து அவள் பருத்தித் துணியில் தைத்த தன் சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து வெயிலில் போட்டாள். "கலர் சேரலையே" என்று மேடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கத்திரி டிரையரைப் பார்த்தாள். மேடம் பேச்சை மாற்றினார். நாற்காலி அவளுக்குத் திரும்பி வந்தது. மற்றவர்களுக்கும் பருத்திக் கோட்டு தைக்கச் சொல்லியாயிற்று. வரும்வரை நூலு பழைய கோட்டை மாட்டமாட்டேன் என்று தன் சுடிதாரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாவின் காபி பாட்டிலில் மீதியிருந்ததைக் கத்திரி பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். சோடா நன்றாக வேலை செய்தது. அடுத்த முறை வந்தபோது பாப்பா தொட்டியைப் பார்த்து அசந்துபோனாள். "எப்படி அண்ணி இப்படிப் பளபளன்னு வெச்சிருக்கீங்க?"

"எல்லாம் இயற்கைதான் பாப்பா" என்றாள் கத்திரி. கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் வங்கியம்மா வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். வேறு ஆள் இருக்கிறாளா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கத்திரி அவர் கழுத்தைச் சுற்றிப் போர்வைத்துணியைக் கட்டி, இடது காதோரம் கையைத் தூக்கினாள். முகம் திரும்பவில்லை. வலது காதோரம் தூக்கினாள். கண்ணாடியில் வங்கியம்மாவின் தோள் தளர்ந்து இறங்குவது தெரிந்தது.

"ஏதோ புதுசா போட்டிருக்கீங்க போலிருக்கே" என்றார் வங்கியம்மா. "நல்லா இருக்கு."

"ஒண்ணும் போடலம்மா. வெறும் துணி."

வெட்டி முடித்து, டிரையரைப் போட்டு, பின்கழுத்தில் சூடான காற்றைப் பிடித்தாள். போர்வைத்துணிக்குள்ளிருந்து அதே வாடை எழுந்து வந்தது. புளித்த எண்ணெய், மேலே விலை உயர்ந்த சென்ட். உள்ளே வங்கியம்மா போட்டிருந்த கருநீலக் கோட்டு, அதே வழவழப்பு. கத்திரி மூச்சை நிறுத்திக்கொண்டாள். மூன்று வார்த்தை போதும், பழைய கணக்கு நேராகிவிடும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் அந்த அம்மாள், அறுந்து கிடக்கும் முடிக்கு நடுவில், இப்போதுதான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார்.

கத்திரி டிரையரைக் குளிர்காற்றுக்கு மாற்றினாள்.

"அடுத்த தடவை அந்தக் கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்கம்மா" என்றாள். "முடி ஒட்டிக்கும்."